ஸ்கூல் நேரத்துக்குள்ள வாரம் எத்தனை லைனிங் பிளவுஸ் எடுக்கலாம்? ராத்திரித் தையலை நிறுத்தணும்

திருப்பூர்_தையல்

வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறேன். மோட்டார் போட்ட ஒரே மெஷின், துணி ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் மெஷின் இல்லை. பெரியவன் மூணாவது, அரசுப் பள்ளி. 9 மணிக்குப் போனா 4 மணிக்கு மேலதான் வருவான். சின்னவளுக்கு 4 வயசு, எல்கேஜி, 12.30-க்கு வீட்டுல இருப்பா. மதியம் ஒன்றரையில இருந்து மூணு வரைக்கும் தூங்குவா, சில நாள் தூங்க மாட்டா. வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில ஷிப்ட், காலையில 8.30-க்குக் கிளம்பினா ராத்திரி 8.30 ஆகும்.

வாரம் 10 லைனிங் பிளவுஸ் எடுக்கிறேன், ஒண்ணு 350 ரூபாய், லைனிங் துணி தனி. இது போக ஆல்டரேஷன். பகல்ல முடியாததை ராத்திரி 10 மணிக்கு மேல உட்கார்ந்து முடிக்கிறேன். சமையல், துவைக்கிறது, பையனோட ஹோம்வொர்க் எல்லாம் இதுக்கு நடுவுல. எனக்குன்னு அரை மணி நேரம்கூட இல்லை. வருமானத்தை ரொம்பக் குறைக்காம ராத்திரி வேலையை நிறுத்த வழி இருக்கா? மதியம் அவ தூங்குற நேரத்துல கட்டிங் வெச்சுக்கலாமா? தொழில் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நூல்கண்டு

முதல்ல நேரத்தை ரெண்டாப் பிரிங்க தங்கச்சி. பாதியில எழுந்து போனாலும் கெடாத வேலை, எழுந்து போனா கெட்டுப்போற வேலை. ஊக்கு வைக்கிறது, காஜா (ஊக்கு மாட்டுற நூல் வளையம்) கட்டுறது, ஹெம்மிங் (ஓரம் மடிச்சுக் கையால தைக்கிறது), பிரிக்கிறது, நூல் வெட்டுறது எல்லாம் முதல் வகை. கட்டிங், கழுத்து, கை ஏத்துறது ரெண்டாவது வகை. ரெண்டாவது வகையைக் குழந்தை வீட்டுல இல்லாத நேரத்துக்கு வெளிய கொண்டு போகவே கூடாது.

உங்களுக்கு அப்படிப்பட்ட நேரம் காலை 9.30-ல இருந்து 12.15 வரைக்கும்தான். நூல் கோக்கிறது, தண்ணி குடிக்கிறது, வாசல்ல யாராவது கூப்பிடுறது எல்லாம் கழிச்சா வாரம் 13 மணி நேரம், அதாவது 780 நிமிஷம். இதுல அஞ்சுல ஒரு பங்கை ஆல்டரேஷனுக்கும், பிசகினதைப் பிரிச்சுத் தைக்கிறதுக்கும் ஒதுக்குங்க. மிச்சம் 624 நிமிஷம். ஒரு லைனிங் பிளவுஸுக்குக் கட்டிங் 25 நிமிஷம், மெஷின் 75 நிமிஷம், ஆக 100. ஆறுதான் வரும். நீங்க எடுக்கிறது 10. மீதி நாலுக்கு வேண்டிய ஆறே கால் மணி நேரத்தைத்தான் தூக்கத்துல இருந்து எடுக்கிறீங்க. சுறுசுறுப்புல குறை எதுவும் இல்லை, வாங்கின அளவுதான் அதிகம்.

ஆறோட நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன், வருமானம் 3500-ல இருந்து 2100-க்கு இறங்கிடும். அந்த 100 நிமிஷத்தை 75 ஆக்கலாம். அதுக்கு ரெண்டு வழி.

ஒண்ணு பேப்பர் கட்டிங். திரும்பத் திரும்ப வர்ற ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் அளவு பிளவுஸை விரிச்சு மார்க் பண்ணாதீங்க. முன், பின், கை, இடுப்புப் பட்டி நாலையும் பிரவுன் ஷீட்டுல வெட்டி, பேரு, மார்பு, இடுப்பு, கழுத்து இறக்கம், தேதி எழுதி ஒரு கவர்ல போட்டு வைங்க. அடுத்த தடவை துணி மேல வெச்சுக் கோடு போட்டா 10, 12 நிமிஷம் மிச்சம். ஆனா ஆறு மாசத்துக்கு மேல ஆன ஷீட்டை அப்படியே நம்பாதீங்க. மார்பு, கை சுற்றளவு ரெண்டையும் மறுபடி டேப் வெச்சுப் பாருங்க. பக்கத் தையலுக்குள்ள ஒன்றரை இஞ்ச் விட்டு வெட்டினா பிரிச்சு விட இடம் இருக்கும், ஆல்டரேஷனும் பத்து நிமிஷத்துல முடியும்.

இன்னொண்ணு, ஒவ்வொரு பிளவுஸா ஆரம்பிச்சு முடிக்கிறதை விடுங்க. நூல் கலர் ஒண்ணா வர்ற நாலு பிளவுஸை ஒரு கட்டா எடுங்க. நாலுக்கும் லைனிங்கை மேல்துணியோட ஓரத் தையல் போட்டு இணைங்க. அப்புறம் நாலுக்கும் டாட் (உடம்பு வடிவத்துக்கு மடிச்சுப் போடுற தையல்). அப்புறம் பட்டி, ஷோல்டர், கழுத்து, கை, பக்கம். ஒரு துண்டு முடிஞ்சதும் நூலை வெட்டாம அடுத்த துண்டை உள்ள தள்ளுங்க, மாலை மாதிரி வெளிய வரும், கடைசியில மொத்தமா வெட்டிக்கலாம். நூல் மாத்தி, அடிநூல் சுத்துற பாபின் மாத்தி, நூல் இறுக்கம் பார்க்கிறதுக்கு ஒவ்வொரு தடவையும் நாலு நிமிஷம் போகுது. முதல் நாளே அந்த கலர்ல மூணு பாபின் சுத்தி வெச்சுட்டா நடுவுல நிக்காது.

இதுல இன்னொரு லாபம் இருக்கு. 12.15-க்கு நீங்க எழுந்திருக்கிறப்ப ஒரு கட்டம் முழுசா முடிஞ்சு நிக்கும். மறுநாள் உட்கார்ந்ததும் 'எதுல விட்டோம்'னு தேட வேண்டாம், நாலுக்கும் கைதான் பாக்கின்னு பார்த்த உடனே தெரியும்.

கவனம் எங்கே வேணும்னா, நாலு பிளவுஸோட துண்டு கலந்துடும். ஒரே மாதிரி கிரீம் லைனிங் நாலு இருந்தா 36-ஓட முதுகு 38-ஓட முன்பக்கத்துல ஏறிடும். சாக்ல நம்பர் போட்டா கை படப் பட அழியும். உள்பக்கத் தையல் இடத்துல வேற கலர் நூலால ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடுன்னு பெரிய தையலாப் போட்டுடுங்க, கடைசியில உருவிடலாம். பட்டுல குண்டூசி குத்தாதீங்க, தடம் நிக்கும்.

மதியத் தூக்கத்துல கட்டிங் கேட்டீங்க. வேண்டாம். சத்தம் வராத வேலைங்கிறதால தோணும்தான். ஆனா அவ பாதியில எழுந்தா துணி தரையில, கத்திரி திறந்து கிடக்கும். அவசரமா மடிச்சு வெச்சா ரெண்டு மடிப்பும் நகர்ந்துடும், மறுபடி விரிச்சா முன்பக்கம் ஒண்ணு கால் இஞ்ச் சின்னதா வரும். நடுவுல எழுந்து வந்து வெட்டுறப்பதான் ரெண்டு கையும் ஒரே பக்கத்துக் கையா விழும். கையோட முன் வளைவு பின் வளைவை விட அரை இஞ்ச் உள்வாங்கி இருக்கணும் இல்லையா? துணியை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்க மடிச்சாத்தான் வலது ஒண்ணு, இடது ஒண்ணு வரும். அந்த ஒரு மடிப்பைத் தப்பா போட்டா பார்டர் வெச்ச பட்டுக்கு மாத்துத் துணி எங்க போறது? திங்களும் வியாழனும் காலையில முதல் வேலையா நாலு நாலா வெட்டிடுங்க. மதியம் ஊக்கும் ஹெம்மிங்கும்.

லைனிங் நனைக்கிறதை மறந்தா எல்லாம் வீண். காட்டன் லைனிங்கை ரெண்டு மணி நேரம் தண்ணியில ஊற வெச்சு நிழல்ல காய வெச்சுத்தான் வெட்டணும். நனைக்காமத் தைச்சா முதல் துவைப்புல லைனிங் சுருங்கி மேல்துணி கொப்புளிச்சு நிக்கும். பிரிச்சுத் தைக்க ஒரு முழு காலை போயிடும். சனிக்கிழமை ராத்திரி ஊறப் போட்டு, ஞாயிறு வீட்டுத் துணியோட கொடியில போடுங்க. சிவப்பு, மெரூன் தனி வாளி.

கல்லுரல்

நூல்கண்டு அக்கா சொன்னதுல அந்த 13 மணி நேரம் சமையலறையில இருந்துதான் தப்பிக்கணும். அதனால ஒரே ஒரு விதி: மெஷின் ஓடுறப்ப அடுப்புல ஒண்ணுமே இருக்கக் கூடாது. மோட்டார் சத்தத்துல குக்கர் விசில் கேட்காது. நாலாவது விசிலைத் தவற விட்டா பருப்பு அடிப்பிடிக்கும், தண்ணி வத்தினா கேஸ்கட், சேஃப்டி வால்வு போகும். 9 மணிக்குள்ள மதியச் சாப்பாடு முழுசா முடிஞ்சு அடுப்பு அணைஞ்சு இருக்கணும்.

அதுக்குக் காலையில வெட்டுற வேலை இருக்கக் கூடாது. சின்ன வெங்காயம் அரை கிலோ ஞாயித்துக்கிழமை உரிச்சு ஈரமில்லாத டப்பாவுல போட்டா ஃபிரிட்ஜ்ல நாலஞ்சு நாள் நிக்கும். புளி கால் கிலோ வெந்நீர்ல ஊற வெச்சு, கெட்டியாக் கரைச்சு வடிகட்டி, கல் உப்பு போட்டுக் கொதிக்க வெச்சு ஆற விட்டா ஒரு வாரத்துக்குக் கரைசல் தயார். கீரையை முந்தின நாள் சாயங்காலம் ஆய்ஞ்சு, கழுவாம பேப்பர்ல சுத்தி வைங்க. கழுவி வெச்சா அழுகும்.

மாவு வாரம் ரெண்டு தடவை, புதனும் ஞாயிறும். 200 மில்லி டம்ளர்ல இட்லி அரிசி நாலு, முழு உளுந்து ஒண்ணு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். மதியம் 2 மணிக்கு ஊறப் போட்டு 6 மணிக்கு அரைங்க. உளுந்துக்கு 25, 30 நிமிஷம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணி தெளிச்சு விடணும். ஒரே தடவையில தண்ணியை ஊத்தினா உளுந்து பொங்காம நீர்த்துடும், இட்லி தட்டையா வரும். அரிசிக்கு 20 நிமிஷம் போதும், கொஞ்சம் குருணையா எடுத்துடுங்க. இதுல 40, 45 இட்லி வரும், நாலு பேருக்கு மூணு வேளை டிபன். ராத்திரி பொங்கினதும் காலையில முதல் வேலையா ஃபிரிட்ஜ்ல வைங்க. மார்கழியில 12 மணி நேரம்கூட ஆகும், மத்த மாசத்துல பொங்கின பிறகும் வெளிய விட்டா ரெண்டாம் நாளே புளிக்கும்.

குழம்பு: வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, பூண்டுக்குழம்பு செவ்வாய், வெள்ளின்னு ரெண்டு நாளுக்குச் சேர்த்து வைக்கலாம், மறுநாள் ருசி கூடும். தேங்காய் அரைச்சு ஊத்தின குருமா, கூட்டு அன்னன்னைக்குத்தான். சேர்த்து வெச்சா சாயங்காலமே நூல் விடும்.

பெரியவன் அரசுப் பள்ளின்னா அவனுக்கு டிபன், டப்பா ரெண்டும் கட்டணும்னு கட்டாயம் இல்லை. ஒண்ணுல இருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் பள்ளியிலேயே காலை உணவு 2022 செப்டம்பர்ல தொடங்கினது, 2023 ஆகஸ்ட்ல இருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகள்ல இருக்கு. மதியம் சத்துணவு. பள்ளி நாள்ல பையனைக் கொஞ்சம் முன்னாடி அனுப்பினா போதும். காலையில 7.30-ல இருந்து 8.15 வரைக்கும் தோசைக்கல் முன்னாடி நிக்கிற நேரத்துல கொடியில துணி போட்டு முடிச்சுடலாம். பையன் அங்க நல்லாச் சாப்பிடுறானான்னு மட்டும் முதல் வாரம் டீச்சர்கிட்ட விசாரிங்க.

முற்றம்

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுல மெஷின் பத்திச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு.

எழுந்திருக்கிறப்பெல்லாம் சுவிட்சை அணைங்க. ரெண்டு நிமிஷம்தானேன்னு விடாதீங்க. மோட்டார் பெடல் தரையில இருக்கு, நாலு வயசுக் குழந்தை அது மேல ஏறி நிக்கும், தம்பியோ அண்ணனோ ஊசிக்கிட்ட விரல் வெச்சிருப்பான். ஊசியை எடுத்து வைக்க காந்த டப்பா வாங்காதீங்க. சின்னக் காந்தம் கழண்டு வந்து ரெண்டை விழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஓட்டை போட்டுடும், ஆபரேஷன் வரைக்கும் போகும். வெட்டுத் துணி அடைச்ச குண்டூசித் தலையணை போதும்.

ஊக்கு வைக்கிறப்ப அட்டையோட எடுத்துட்டு வராதீங்க. ஒரு பிளவுஸுக்கு ஆறுன்னா, சின்ன எவர்சில்வர் மூடியில ஆறே ஆறு எண்ணிப் போட்டுக்கிட்டு உட்காருங்க. கடைசியில மூடி காலியாகணும், பிளவுஸ்ல ஆறு இருக்கணும். ஒண்ணு குறைஞ்சா அந்த இடத்தை விட்டு நகராமத் தேடுங்க, ஏன்னா அது குழந்தையோட உள்ளங்கால்லயோ வாயிலயோதான் இருக்கும். கைத்தையலுக்கு ஒரே ஊசி, அதுல எப்பவும் ஒரு ஜாண் நூல் கோத்தே இருக்கணும். மொட்டை ஊசி கீழ விழுந்தா பாய் ஓரத்துல போயிடும், நூல் இருந்தா கண்ணுல படும்.

பையன் 4 மணிக்கு வந்ததும் 'இதோ இந்தக் கையை ஏத்திட்டு வர்றேன்'னு சொல்றது எல்லா வீட்டுலயும் நடக்குது. அந்த அஞ்சு நிமிஷத்துல அவன் மூணு தடவை கூப்பிடுவான், நீங்க ரெண்டு தடவை அதட்டுவீங்க, கையும் சுருக்கம் விழுந்து நிக்கும். 3.45-க்கே மெஷினை மூடி உறை போட்டுடுங்க. வந்ததும் முழுசா இருபது நிமிஷம் பிள்ளைங்க கூட இருங்க. சாப்பிடக் குடுத்து, பையைத் திறந்து, நாளைக்கு என்ன வேணும்னு பார்த்து, சொல்றதைக் கேளுங்க. அந்த இருபது நிமிஷம் நிறைஞ்சா அடுத்த முக்கால் மணி நேரம் தானா விளையாடும். ஹோம்வொர்க்குக்குப் பக்கத்துல உட்காருறப்ப காஜா கட்டலாம், கை வேலை செய்யும், கண்ணை நிமிர்த்தலாம். இருட்டு கலர் ஹெம்மிங் வேண்டாம், கண்ணை எடுக்கவே முடியாது, அவன் கேள்வி கேட்டா எரிச்சல்தான் வரும்.

சின்னவ மதியம் தூங்காத நாளுக்கு: மெஷினைச் சுத்தி மூணடி தூரத்துக்குத் தரையில கலர் டேப் ஒட்டுங்க, 'இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்'னு ஒரு வாரம் சொன்னாப் பழகிடும். கோட்டுக்கு வெளிய அவளுக்குன்னு ஒரு டப்பா. வெட்டுத் துணி, காலி நூல்கண்டு, முனை மழுங்கின காகிதக் கத்திரி. அந்த டப்பா மதியம் மட்டும்தான் வெளிய வரணும், நாள் முழுக்கக் கிடந்தா அரை மணி நேரத்துலயே அலுத்துடும்.

ரெண்டாவது_ஷிப்ட்

வீட்டுக்காரர் பக்கத்து வேலையையும் இதே மாதிரிப் பிரிக்கணும். 'கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க'ன்னா எதைச் செய்யணும்னு ஞாபகம் வெச்சுக்கிற பாரம் உங்க தலையிலயே இருக்கும். துண்டு துண்டாக் குடுக்காம ஒரு வேலையை முழுசாக் குடுங்க. உதாரணமா மாவு. அரிசியும் உளுந்தும் டப்பாவுல எவ்வளவு இருக்குன்னு பார்க்கிறது, வாங்குறது, அரைக்கிறது, கிரைண்டர் கழுவுறது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. ஞாயித்துக்கிழமை மாவு அவர் பொறுப்புன்னா அன்னைக்கு 'உளுந்து ஊறப் போட்டீங்களா'ன்னு நீங்க கேட்கவே கூடாது. புதன் மாவு உங்களோடது, அவர் 6 மணிக்கு வீட்டுல இல்லை.

8.30-க்கு வந்து நிக்கிற ஆளுக்கு உடம்பு அசந்திருக்கும், அதையும் பார்க்கணும். ராத்திரிக்கு நிமிர்ந்து நின்னு முடிக்கிற ரெண்டு வேலை: பாத்திரமும் அடுப்பு மேடையும். காலையில 7.30-க்கு மேல ஒரு வேலை: பிள்ளைங்களைக் குளிப்பாட்டி, யூனிஃபார்ம் போட்டு, பெரியவனைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அப்படியே கம்பெனிக்குப் போறது. அது ஒண்ணே உங்களுக்கு முக்கால் மணி நேரம். ரேஷன், சந்தை, கேஸ் புக்கிங் ஞாயிறு. குடிதண்ணி விடுற நாள் முறை வெச்சு வந்தா அதையும் காலண்டர்ல குறிச்சு யார் பிடிக்கிறதுன்னு முன்கூட்டியே பேசிக்கங்க. 10.30-க்குத் தண்ணி வந்தா உங்க கழுத்துத் தையல் அதோட போச்சு.

சொந்தக்காரங்க 'வீட்டுலதானே இருக்கா'ன்னு வேலை வெப்பாங்க. வளைகாப்பு, காதுகுத்து, கிடா வெட்டுன்னு எந்த விசேஷம் வந்தாலும் முதல்ல காலண்டர்ல எழுதி அந்த வாரத்து 624-ல இருந்து கழிங்க. ஒரு காலை போனா ஒன்றரை பிளவுஸ் கழியும். கழிச்சுட்டு அப்புறம் ஆர்டர் வாங்குங்க.

கரண்டும் அப்படித்தான். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துறது பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மதியம் வரைக்கும், சில இடத்துல சாயங்காலம் வரைக்கும். உங்க நேரத்தை அப்படியே முழுங்கிடும். அறிவிப்பு முன்னாடியே பேப்பர்ல வரும், பார்த்துக் குறிச்சுக்கங்க. அன்னைக்கு ஜன்னல் வெளிச்சத்துல கட்டிங் போடுங்க. மோட்டார் மாட்டினப்பக் கழட்டின கால்மிதித் தோல் பெல்ட்டைத் தூக்கிப் போடாம வெச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல மாத்தி மிதிச்சே தைக்கலாம்.

நூல்கண்டு

ஒரு கணக்கு விட்டுப் போச்சு, சேர்த்துடுறேன்.

75 நிமிஷமாக் குறைஞ்சா வாரம் எட்டு பிளவுஸ். எட்டுக்கும் கைவேலை 35 நிமிஷம்னு வெச்சா 280 நிமிஷம். உங்ககிட்ட மதியத் தூக்கம் ஒரு மணி நேரம், ஹோம்வொர்க் நேரம் அரை மணி நேரம், அஞ்சு நாளைக்கு 450 நிமிஷம். மிச்சம் 170. இன்னும் ஒண்ணு பாருங்க. பக்கத்துல ஊக்கு, ஹெம்மிங் மட்டும் செஞ்சு குடுக்கிற பெண்கள் இருப்பாங்க. ஒரு பிளவுஸுக்கு 40 ரூபாய் கேட்டாலும் குடுத்து மூணு பிளவுஸை அவங்ககிட்ட விடுங்க. 120 ரூபாய்ல 105 நிமிஷம் கைக்கு வருது. ரெண்டும் சேர்ந்தா நாலரை மணி நேரம். நீங்க கேட்ட சொந்த நேரம் அங்கதான் இருக்கு. அதுல நடக்கப் போங்க, படுங்க, படிங்க, ஆனா 'ரெண்டு ஆல்டரேஷன் முடிச்சுடலாம்'னு அதைத் திருப்பி மெஷினுக்குக் குடுத்துடாதீங்க.

ரேட்டை 400 ஆக்குங்க. எட்டு இன்ட்டு 400, 3200. கைவேலைக்கு 120 போனா 3080. பழைய 3500-ஐ விடக் குறைவுதான், மறைக்கல. ஆனா அந்த 3500-ல ஆறு மணி நேர ராத்திரி வேலை இருந்தது. ராத்திரி டியூப்லைட்டுல கறுப்பும் நேவி நீலமும் ஒண்ணாத் தெரியும், பச்சைக்கு நூல் மேட்ச் பண்ணினா பகல்ல பார்க்கிறப்ப ஒட்டாது. அப்படிப் பிரிச்சுத் தைச்ச வேலைக்கு யாரும் காசு குடுக்கறதில்லை. 400 ஏத்துறப்ப எல்லாருக்கும் ஒரே தேதியில ஏத்துங்க, நோட்டுல முன்பக்கம் எழுதி வைங்க. ஆளுக்கு ஒரு ரேட்டு சொன்னா தெருவுல பேச்சு வரும்.

உயரத்தையும் பாருங்க. பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து தைச்சா இடுப்பும் பிடரியும் ரெண்டு வருஷம் தாங்காது. முதுகு சாயுற நாற்காலி, முழங்கை மெஷின் பலகை மட்டத்துக்கு வரணும், குதிகால் தரையில படிஞ்சு பாதம் மட்டும் பெடல்ல இருக்கணும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்க. மெஷினுக்கு எண்ணெய் சனிக்கிழமை ராத்திரி விட்டு, பழைய துணியில நாலு வரி ஓட்டிட்டு, ஊசிக்குக் கீழ அந்தத் துணியையே விட்டு மூடுங்க. திங்கட்கிழமை காலையில எண்ணெய் விட்டா முதல் பட்டுல சொட்டு விழும்.

திருப்பூர்_தையல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 624 கணக்கை நோட்டுல முதல் பக்கத்துல எழுதிட்டேன். ரெண்டு சந்தேகம். வர்றவங்க காலையில 10, 11 மணிக்குத்தான் துணி குடுக்க வர்றாங்க, வந்தா இருபது நிமிஷம் போகுது. எப்படிச் சொல்றது? அப்புறம் காலாண்டு லீவு வரும், பிள்ளைங்க ரெண்டு பேரும் வீட்டுல இருப்பாங்க, அதையொட்டித்தான் தீபாவளித் துணியும் குவியும். அந்த மாசத்தை எப்படிச் சமாளிக்கிறது?

நூல்கண்டு

செவ்வாய், சனி சாயங்காலம் 5.30-ல இருந்து 6.30 வரைக்கும் மட்டும்தான் வாங்குறதும் குடுக்கிறதும்னு ஒரு அட்டையில எழுதி வாசல்ல மாட்டுங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல வெளியில் இருக்கும்போது போற மெசேஜ் வசதி இருக்கு, அதுக்கு நேரமும் குறிக்கலாம். 9-ல இருந்து 1 மணி வரைக்கும் போற மாதிரி இப்படிப் போடுங்க: 'இப்ப தையல்ல இருக்கேன். துணி குடுக்க செவ்வாய், சனி சாயங்காலம் 5.30 - 6.30 வாங்க. அளவு பிளவுஸ், லைனிங் சேர்த்துக் கொண்டு வாங்க.' கடைசி வரி முக்கியம், லைனிங் இல்லாம வந்தா இன்னொரு தடவை வருவாங்க. ரெண்டு மூணு வாரம் மனசு கஷ்டப்படும், அப்புறம் அந்த நேரத்துக்கே வந்துடுவாங்க. காலையில வந்து நிக்கிறவங்களை உள்ள உட்கார வைக்காம, பையில பேரு எழுதி வாங்கி வெச்சுட்டு 'டிசைனைச் சனிக்கிழமை பேசிக்கலாம்'னு சொல்லுங்க.

காலாண்டு லீவு பத்தி: அந்த நாள்களை வழக்கமான நாளாக் கணக்குல எடுக்காதீங்க. பிள்ளைங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி 6-ல இருந்து 7.30 வரைக்கும் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் நாளுக்கு. இதையும் அஞ்சுல ஒரு பங்கு கழிச்சா 72 நிமிஷம், ஒரு நாளைக்கு ஒரு பிளவுஸ். அந்த நாள்ல ராத்திரி சீக்கிரம் படுத்தாகணும்.

தீபாவளிக்கு 45 நாள் முன்னாடி உட்கார்ந்து காலண்டர்ல பள்ளி நாள், லீவு நாள், கரண்ட் இல்லாத நாள், விசேஷ நாள் நாலையும் குறிங்க. பள்ளி நாளுக்குக் கணக்கு ஒன்றரை பிளவுஸ், லீவு நாளுக்கு ஒண்ணு, கரண்ட் இல்லாத நாளுக்குக் கட்டிங் மட்டும். கூட்டினா ஒரு எண் வரும். அதுல கடைசி நாலு நாளை அடிச்சுடுங்க, அது 'கை டைட்டா இருக்கு, கொஞ்சம் விடுங்க'ன்னு வர்றவங்களுக்கு. மிச்ச எண்ணுக்கு டோக்கன் போட்டு, பாதி முன்பணம் வாங்கிட்டுப் பேரு எழுதுங்க. டோக்கன் தீர்ந்த அன்னைக்கு 'தீபாவளி ஆர்டர் முடிஞ்சது' அட்டையை மாட்டுங்க, தீபாவளிக்கு இன்னும் 20 நாள் இருந்தாலும் சரி.

சேலையோட அடி ஓரத்துல பால்ஸ் பட்டை வெச்சுத் தைக்கிறது, சேலை ஓரத்துக்கு பிக்கோ அடிக்கிறது ரெண்டையும் அந்த மாசம் எடுக்காதீங்க. பிக்கோவுக்கு மெஷின் உங்ககிட்ட இல்லை, பால்ஸ் ஒண்ணு ரெண்டரை மீட்டருக்கு மேல கையால போகணும், முக்கால் மணி நேரம் முழுங்கும். அது பிளவுஸ் ஊக்கு வேலையோட நேரத்தைத்தான் தின்னும்.

கல்லுரல்

பலகாரத்தையும் அந்தக் காலண்டர்லயே எழுதிடுங்க. முறுக்கு, தட்டை, ரிப்பன் காத்து போகாத டப்பாவுல ரெண்டு வாரம் நிக்கும், அதனால தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமை சுட்டுடலாம். அரிசியை ஊற வெச்சு நிழல்ல உலர்த்தி மில்லுல குடுக்கிறது வீட்டுக்காரர் வேலை. அதிரச மாவும் மூணு நாள் முன்னாடியே பாகு காய்ச்சிக் கிளறி வெச்சாத்தான் பதமா வரும், சுடுறது மட்டும் முந்தின நாள். இதெல்லாம் தள்ளிப் போனா கடைசி ரெண்டு நாள்ல எண்ணெய்ச் சட்டியும் பட்டுத் துணியும் ஒரே வீட்டுல இருக்கும். எண்ணெய்க் கையோட பட்டைத் தொட்டா அந்தக் கறைக்கு மருந்து இல்லை.